சொல்லிவிட்டோம் என்பதும் சென்று சேர்ந்தது என்பதும்: பணியிடம், வகுப்பறை, மணவாழ்க்கை (இணைய மன்றத்தின் ஓர் உரையாடல் இழை; ஒவ்வொரு பதிவின் முன்னும் உள்ளது எழுதியவரின் புனைபெயர்)

இரவுப்பணி:

மருத்துவமனையில் பணிபுரிபவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை ஒரு தனிப் பாடம். முடக்குவாதத்துக்கு அதைக் குறைந்த அளவில், வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கிறோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர்கள் இதையும் தினமும் விழுங்கிவிடும் விபத்து பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போன நிகழ்வுகளும் உண்டு. பின்னர் விசாரித்தால், பல நேரங்களில் மருத்துவர் சொல்லியிருப்பார், மருந்து கொடுத்தவர் சொல்லியிருப்பார், சீட்டிலும் எழுதியிருக்கும். சொன்னவர்கள் எல்லோரும் இறுதியில் கேட்டது "புரிந்ததா?" என்பதைத்தான்; அதற்கு நோயாளி தலையை அசைத்திருப்பார்.

நான் பல ஆண்டுகளாகச் செவிலியர் பயிற்சியில் ஈடுபட்டிருப்பவள். பேசாமல் இருப்பதைவிட, பேசிவிட்டோம் என்ற நிறைவுதான் பணியிடத்திலும் வகுப்பறையிலும் வீட்டிலும் கூடுதலான கேட்டை விளைவிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று மேலே இருப்பவர் நினைக்கிறார். புரியவில்லை என்று சொன்னால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று கீழே இருப்பவர் அஞ்சுகிறார். சென்று சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பு சொன்னவருடையது, அதிலும் அதிகாரம் கூடுதலாக உள்ளவருடையது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு வருபவர்களிடம் "புரிந்ததா?" என்ற கேள்வியையே விட்டுவிடச் சொல்கிறோம். "வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்கிறோம். தேர்வு வைப்பதுபோல் கேட்டால் முதியவர்கள் கூசிப்போவார்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று தொடங்கினால் தயங்காமல் சொல்வார்கள். எந்தக் கிழமையில் சாப்பிடுவார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைத்து, அந்தக் கிழமையைச் சீட்டில் எழுத வேண்டும்.

ஆசிரியர்களும், குடும்ப ஆலோசனையில் இருப்பவர்களும், வேறு துறையினரும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

ஓடுதளம்:

அம்மா, விமானத் துறையில் இது பல நூறு உயிர்கள் போன பிறகே கற்கப்பட்ட பாடம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்கு உட்பட்ட தெனெரீஃப் தீவில், மூடுபனியில், கே.எல்.எம். விமானம் ஒன்று புறப்பட அனுமதி பெறாமலேயே ஓடத் தொடங்கி, அதே ஓடுதளத்தில் சென்றுகொண்டிருந்த பான் ஆம் விமானத்தின்மீது மோதியது. 583 பேர் இறந்தனர். மோதலுக்குச் சற்று முன்பு, அந்த இன்னொரு விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். தன் நிறுவனத்தில் மூத்த பயிற்றுநராக விளங்கிய தலைமை விமானி, விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு எழுந்த ஐயம் சரியானது. அதை ஒருமுறை வாய்விட்டும் கேட்டார். ஆனாலும் எதிரில் இருந்தவரின் தகுதி அந்த ஐயத்தை அடக்கிவிட்டது.

இன்னொரு நிகழ்வு உங்கள் மாத்திரைக் கதைக்கு மேலும் நெருக்கமானது. 1990 ஜனவரி 25 இரவில், கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற ஏவியாங்கா 52 என்ற விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட வைக்கப்பட்டது. முதல் முறை தரையிறங்க முயன்று முடியாமல் மேலெழுந்தபோது, நெருக்கடி நிலை என்று அறிவிக்கும்படி தலைமை விமானி ஸ்பானிய மொழியில் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ, கட்டுப்பாட்டு அறையிடம் மற்றச் செய்திகளுக்கு நடுவே, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லி முடித்தார். சொல்லிவிட்டாயா என்று தலைமை விமானி கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பதில் வந்தது. அதன் பிறகு, மீண்டும் தரையிறங்கக் கொண்டுவரப்போகும் வழி எரிபொருளுக்குப் போதுமா என்று கட்டுப்பாட்டு அறையே கேட்டது. போதும் என்று எண்ணுவதாகச் சொல்லி நன்றியும் சொன்னார் துணை விமானி. சில நிமிடங்களில் எஞ்சின்கள் அணைந்து, லாங் தீவின் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

அந்தப் பணிவான "போதும் என்று எண்ணுகிறேன்" என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். நம் அலுவலகங்களில் இளைய ஊழியர் ஒருவர், இயலாத கெடுவுக்கும் முடித்துவிடுவதாகச் சொல்வது இதே குரலில்தான்.

எங்கள் துறையில் உள்ள ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தையும் ஓடுதள எண்ணையும் விமானி திரும்பச் சொல்ல வேண்டும். அவர் தவறாகத் திரும்பச் சொன்னால் உடனே திருத்த வேண்டியது சொன்னவரின் கடமை. ஆகவே, பொறுப்பு சொன்னவருடையது என்ற தங்கள் கருத்து இங்கே எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது.

கரும்பலகை:

நான் கணித ஆசிரியர். ஆசிரியர்களுக்குப் பயன்படும் ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை ஒருவரை விரலால் மேசையில் தட்டச் செய்து, எதிரில் இருப்பவரை அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது தட்டியவர்களின் கணிப்பு. தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் மனத்தில் மெட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் தட்டல் மட்டும் கேட்கிறது. ஒரே பாடத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தும் ஆசிரியருக்கு அந்த மெட்டு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் நாற்பது குழந்தைகளும் ஒரே குரலில் "புரிந்தது" என்பார்கள். அந்தக் கூட்டுக்குரல் ஒரு சடங்கு. ஆசிரியரை மகிழ்விப்பதற்காகக் குழந்தைகள் நிறைவேற்றும் சடங்கு. ஆறாம் வகுப்பில் 0.6, 0.45 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். கணிசமான குழந்தைகள் 0.45 என்று எழுதுவார்கள். நாம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "கவனம் தேவை" என்று எழுதிப் பெற்றோரின் கையெழுத்துக்கு அனுப்புகிறோம். அந்தக் குழந்தையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. ஆறைவிட நாற்பத்தைந்து பெரியது என்று முழு எண்களில் நாம் கற்றுக்கொடுத்ததை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. "ஏன் இதைப் பெரியது என்று எழுதினாய், கண்ணு?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்காததால், அன்று மாலை வீட்டில் அந்தக் குழந்தைக்குத் திட்டு விழுகிறது; ஆசிரியர்மீது பெற்றோருக்கும் பெற்றோர்மீது ஆசிரியருக்கும் மனத்தாங்கல் வளர்கிறது.

சமக்குறியும் அப்படித்தான். 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் பெட்டிக்குள் 12 என்று எழுதும் குழந்தைகள் மிகப் பலர். இடப்பக்கத்தைக் கூட்டி விடையை எழுதுவதற்கான இடமாகவே அந்தக் குறியை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இரு பக்கமும் சமம் என்பது நமக்கு வெளிப்படை. ஆனால் அவர்களிடம் அதைச் சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதோடு சரி.

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பதிவுகளைக் கொண்டு அளந்தார். சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே வராத நேரங்கள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இதை அவர் வெளியிட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படிக்கிறோம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் மூன்று நொடி மௌனத்தைத் தாங்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டு முதலாண்டு உடற்கூறியல் வகுப்பில் ஆங்கிலத்தின் நடுவே அமர்ந்திருக்கும் பிள்ளை கை உயர்த்தாமல் இருப்பதை, பேராசிரியர்கள் திறமைக் குறைவாகவோ ஆர்வக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்கலாம். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்டுவதற்கு நேரம் தேவைப்படலாம்.

வைகைக்கரை:

இரவுப்பணி அம்மா சொல்லும் முறை சிறந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அரசு மருத்துவமனையில் காலை புறநோயாளிப் பிரிவு தொடங்கும்போதே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்ல வைத்தால் வரிசையின் கடைசியில் இருப்பவர் மருத்துவரையே பார்க்காமல் வீடு திரும்புவார். நேரமின்மையை மனப்பான்மைக் குறையாகச் சித்திரித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி:

நியாயமான சொல், ஐயா. எல்லா மருந்துக்கும் இது இயலாது. மெத்தோட்ரெக்சேட், இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற, தவறினால் உயிருக்கே தீங்கு தரும் சில மருந்துகளுக்கு மட்டும் செய்தால் போதும். மருத்துவரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மருந்து கொடுக்கும் சன்னலில் செய்யலாம். அந்தச் சன்னலில் பின்னால் நிற்பவர் நெருக்கித் தள்ளாதபடி ஓர் இடைவெளி வேண்டும். அதை நிர்வாகம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

நடுவழி:

குடும்ப நீதிமன்ற வழக்குகளில் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்கின் தன்மைக்கு ஏற்ப இணக்கத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அந்த முயற்சி நடக்கும் அறையில் அமர்ந்திருப்பவள் என்ற முறையில், இதுவரை எழுதியவர்களின் விளக்கம் மணவாழ்க்கைக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனையிலும் விமானத்திலும் தகவலைத் தடுப்பது பதவி இடைவெளி. கணவன் மனைவிக்கு இடையில் பல நேரங்களில் தடுப்பது அவர்களுடைய நெருக்கம்தான்.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கென்னத் சாவிட்ஸ்கி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், தம்பதிகளை முதுகைக் காட்டி உட்காரவைத்து, பல பொருள் தரக்கூடிய அன்றாட வாக்கியங்களைச் சொல்லவைத்து, சொன்னவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று ஊகிக்கச் செய்தார்கள். அறிமுகமே இல்லாதவர் எவ்வளவு ஊகித்தாரோ அதைவிட வாழ்க்கைத் துணை சிறப்பாக ஊகித்துவிடவில்லை. ஆனால் தன் துணைக்குப் புரிந்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் சொன்னவரிடம் மிகுந்திருந்தது. அயலாரிடம் பேசும்போது விளக்கிச் சொல்கிறோம். துணையிடம் பேசும்போது பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இதுகூடத் தெரியாதா?" என்பது எங்கள் அறையில் நான் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம். கேட்பவரின் மனத்தில், தெரியாமல் இருப்பதே அன்பின்மைக்குச் சான்றாகிவிடுகிறது.

ஒரு வகை வழக்கை மட்டும், எவரையும் அடையாளம் காட்டாமல் சொல்கிறேன். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மனைவி இங்கே மாமியாருடன் இருக்கிறார். கணவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிச் சமைத்துவிட்டு அழைக்கும்போது இங்கே இரவு பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. அவர் முதலில் தாயிடம் பேசுவார். தாய் அன்றைய வீட்டுச் செய்திகளைத் தன் பார்வையில் சொல்லியிருப்பார். பிறகே கைப்பேசி மனைவியிடம் வரும். மனைவிக்கு அருகில் மாமியார் இருப்பதால் பேச முடியாது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார். கணவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார். மறுநாள் மனைவி மனத்தில் உள்ளதையெல்லாம் நீண்ட குரல் பதிவாக அனுப்புவார். வேலையிடத்தில் கேட்க முடியாமல் கணவர் நீல நிறக் குறி மட்டும் தெரியும்படி விட்டுவிடுவார். மனைவி அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வார். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகு இருவரும் எங்கள் முன்னால் திரைப்பிடிப்புகளை அச்செடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரு தரப்பிலும் பொய் இருக்காது.

இத்தகையவர்களுக்கு நாங்கள் சொல்வது மிக எளியது. ஒருவர் தன் குறையைச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் சொல்வதற்கு முன் தான் கேட்டதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில். படித்தவர்கள்கூட முதல் முறை தோற்றுப்போகிறார்கள். மனைவி சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டால், அதற்குத் தாம் வைத்திருக்கும் மறுப்பையே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

வெளிச்சம்:

இந்த இழை செல்லும் திசையில் எனக்குக் கவலை உண்டு. "தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை" என்ற விளக்கம் பல நேரங்களில், போய்ச் சேர்ந்த தகவலை மதிக்காதவர்களுக்குப் போர்வையாகப் பயன்படுகிறது. சாலஞ்சர் விண்ணோடத்தை நினைத்துப் பாருங்கள். 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் ஏவினால் உந்துபொறியின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று அந்த உந்துபொறியைத் தயாரித்த தயோக்கோல் நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்து, ஏவ வேண்டாம் என்றே பரிந்துரைத்தார்கள். நாசா மேலாளர்கள் அதிருப்தி தெரிவித்த பிறகு, அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் தம் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றினார்கள். மறுநாள் காலையில் ஏவப்பட்ட விண்ணோடம் வானிலேயே உடைந்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தனர். இதில் புரியாமல் போனது என்ன இருக்கிறது? பொறியாளர்கள் சொன்னதைக் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், ஒதுக்கினார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். வேலைக்குப் போக விரும்புகிறேன் என்று ஒரு பெண் பலமுறை தெளிவாகச் சொல்கிறாள்; தன் சம்பளத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறாள்; அடிக்காதே என்கிறாள். இவற்றில் எதற்கும் இரண்டாவது பொருள் கிடையாது. அவளிடம் போய், "இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்" என்று ஆலோசனை சொல்வது, எதிரில் இருப்பவரின் குற்றத்தை அவளுடைய பேச்சுத்திறன் குறையாக மாற்றிவிடுகிறது. நடுவழி அவர்கள் விவரித்த வழக்கிலும், தாய் முதலில், மனைவி பிறகு என்ற வரிசையை ஏற்படுத்தியது யார்? அது ஒரு முடிவு. தற்செயலாக நேர்ந்த குழப்பம் அன்று.

கரும்பலகை:

வெளிச்சம் அவர்கள் சொன்னது பள்ளிக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று மாணவிகள் சொல்வது எல்லோருக்கும் தெளிவாகவே புரிகிறது.

இரவுப்பணி:

வெளிச்சம் அவர்களே, தங்கள் மறுப்பை முழுமையாக ஏற்கிறேன்; அது என் கருத்தைக் கைவிடச் செய்யவில்லை, கூர்மையாக்குகிறது. புரியாமல் போவதையும் புரிந்தும் ஒதுக்குவதையும் பிரித்தறியத் திரும்பச் சொல்ல வைப்பதே கருவியாகவும் அமையும். எதிரில் இருப்பவர் நான் சொன்னதைப் பிழையின்றித் திரும்பச் சொல்கிறார், பிறகும் மாறாகவே நடக்கிறார் என்றால், அங்கே இருப்பது கருத்து வேறுபாடு அல்லது அலட்சியம். அதன் பிறகு மேலும் விளக்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. விதி, முறையீடு, சட்டம் ஆகியவற்றின் துணையைத் தேட வேண்டும். அவரால் திரும்பச் சொல்ல முடியவில்லை என்றால் மட்டுமே மீண்டும் விளக்குவதற்கு இடம் உண்டு. எது என்று தெரியாமலேயே பல ஆண்டுகள் விளக்கிக்கொண்டிருப்பதுதான் மனிதர்களைக் களைப்படையச் செய்கிறது.

அதிகாரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் பத்தொன்பது இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது. முதலில் கேட்பவர்களுக்கு இது தேவையற்ற சம்பிரதாயமாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை வாய்விட்டுத் தன் பெயரைச் சொல்லிவிட்ட இளைய செவிலியர், "ஐயா, அது இடக்கால் இல்லையா?" என்று கேட்பதற்கு அவ்வளவாகத் தயங்குவதில்லை. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அறுவைசிகிச்சைக்குப் பின் இறப்பவர்களின் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பெயர் சொல்வது மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலில் மற்றவையும் இருக்கின்றன. இருந்தாலும், கீழே இருப்பவர் பேசுவதற்கான இடத்தை மேலே இருப்பவரின் நல்ல குணத்துக்கு விட்டுவிடாமல், நடைமுறைக்குள்ளேயே வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நடுவழி:

வெளிச்சம் சகோதரிக்கு: வன்முறை உள்ள இடத்தில் இருவரையும் எதிரெதிரே அமர்த்தித் திரும்பச் சொல்ல வைப்பது ஆபத்தானது என்பதை நானும் அழுத்திச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் இருவரையும் தனித்தனியே பார்ப்பது இதற்காகவே. தனியறையில் ஒரு பெண் அச்சத்தைத் தெரிவித்தால், பேச்சு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டும். இணக்கப் பேச்சு அங்கேயே நின்றுவிட வேண்டும்.

தாய் முதலில், மனைவி பிறகு என்ற வரிசை ஒரு முடிவு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அப்படி ஒரு முடிவை எடுத்திருக்கிறோம் என்பதே பல கணவர்களுக்குத் தெரியாது. அந்தக் கைப்பேசியில் எப்போதும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. எங்கள் அறையில் மனைவி அதைச் சொல்லும்போது திகைத்துப்போய் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அலட்சியமாகத் தோளைக் குலுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினரோடு வேலை செய்ய முடியும்.

பாலைநிலம்:

நான் துபாயில் பணிபுரிகிறேன். நடுவழி அம்மா விவரித்த குடும்பம் என்னுடையது இல்லை என்றாலும், எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு அறையிலும் அத்தகைய ஒருவர் இருக்கிறார். நீல நிறக் குறியைப் பார்த்துவிட்டு மறுமுனையில் ஒருவர் என்ன நினைப்பார் என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருவருக்கும் இடையில் இத்தனை கடல் இருக்கும்போது, திரும்பச் சொல்லும் முறையை எப்படிச் செய்வது? நேரில் பேசும்போது முகம் உதவுகிறது. இங்கே குரல்தான் இருக்கிறது, அதுவும் அறையில் இன்னும் ஐந்து பேர் படுத்திருக்கும்போது.

நடுவழி:

தம்பி, மூன்றைச் சொல்கிறேன். இவை சிலருக்குப் பயன்பட்டிருக்கின்றன. முதலாவது, மனைவிக்கு அவருடைய கைப்பேசியிலேயே நேரடியாக அழைக்க வேண்டும். தாயிடம் பேசுவது தனி அழைப்பாக இருக்கட்டும். வேலை நாளில் இரண்டு நிமிடம் போதும். நலம் விசாரித்துவிட்டு, "அந்தச் செய்தியை விடுமுறை நாளில் பேசலாம்" என்று நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். நாள் குறித்துவிட்டால் காத்திருப்பவருக்கு அது புறக்கணிப்பாகத் தோன்றுவதில்லை. இரண்டாவது, நீண்ட குரல் பதிவைக் கேட்க முடியாவிட்டால், வந்து சேர்ந்ததையும் எப்போது கேட்பீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள், கேட்ட பிறகு, "நீ இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறாய், ஒன்று இது, மற்றொன்று இது, சரியா?" என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் திரும்பச் சொல்வது சிலருக்குப் பேச்சைவிட எளிதாக இருக்கிறது. அறையில் மற்றவர்கள் இருப்பதும் தடையாகாது. மூன்றாவது, பணம் பற்றியும் தாய் பற்றியும் நள்ளிரவில் பேச வேண்டாம். இருவரில் ஒருவர் களைத்திருக்கும்போது தொடங்கும் அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதை எங்கள் அறையில் நிறையவே கேட்டிருக்கிறேன்.

மனைவி பேசத் தயங்கினால், அருகில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்டு, மற்றதை அவர் தனியாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.